புரட்டாதி வானில் ஒரு வெப்ப வியாழன்: இரும்பு மழைச் செய்திகளை வாசிப்பது எப்படி?

இரும்பு மழை பெய்யும் கோள், கண்ணாடித் துகள் வீசும் கோள், அழுகிய முட்டை நாறும் கோள், தன் சூரியனுக்குள்ளேயே விழுந்துகொண்டிருக்கும் கோள். இப்படியான தலைப்புகள் அடிக்கடி வந்துபோகின்றன. கூடவே செக்கச்செவேலென்று ஒரு படம். அந்தப் படம் ஓவியர் வரைந்தது. விண்மீனை ஒட்டிச் சுற்றும், வெப்ப வியாழன் எனப்படும் இந்தப் பெருங்கோள்களில் ஒன்றின் மேகத்தையோ புயலையோ எவரும் ஒளிப்படமாக எடுத்ததில்லை. தொலைக்காட்டிக்குள் வருவது ஒரே ஒரு புள்ளி ஒளி. அந்த ஒளி அசைகிறதா, மங்குகிறதா, எந்த நிறத்தில் குறைகிறது என்ற மூன்றை அளக்கிறார்கள். மற்றவை எல்லாம் அவற்றிலிருந்து பெறப்பட்டவை. செய்தியில் எது அளந்தது, எது பெறப்பட்டது என்று பிரிக்கத் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

வானத்தில் எங்கே?

முதலாவது வெப்ப வியாழனின் விண்மீனை மட்டக்களப்பிலிருந்து வெறுங்கண்ணாலேயே தேடலாம். பூரட்டாதி, உத்திரட்டாதி என்று பஞ்சாங்கம் சொல்லும் இரு நட்சத்திரங்களும் சேர்ந்து வானத்தில் ஒரு பெரிய சதுரமாகத் தெரியும். மேல்நாட்டார் அதைப் பெகாசசுச் சதுரம் என்பார்கள். புரட்டாதி மாதத்தில் இருட்டியதும் கடல் பக்கமாக அது ஏறி நிற்கும். முதலில் ஏறிவரும் இரண்டும் பூரட்டாதி. அவற்றை இணைக்கும் கோட்டின் நடுவுக்குச் சற்று மேலே, நீட்டிய கையின் கட்டைவிரல் அகலத்துக்குள், 51 பெகாசி என்ற மங்கலான விண்மீன் இருக்கிறது. அதன் பருமன், அதாவது பிரகாசத்தைக் குறிக்கும் எண், 5.5. எண் கூடக்கூட விண்மீன் மங்கல். கல்லடிப் பாலத்து வெளிச்சத்தில் தெரியாது. உன்னிச்சைக் குளக்கட்டு போன்ற இருட்டில் தெரியும். அங்கிருந்து ஒளி இங்கு வந்துசேர ஏறத்தாழ 50 ஆண்டு.

1995 ஒக்டோபரில் சுவிற்சர்லாந்தின் மிசேல் மயோரும் டிடியே கெலோவும் அந்த விண்மீனை ஒரு கோள் சுற்றுகிறது என்று அறிவித்தார்கள். 2019இல் பௌதிகவியல் நோபல் பரிசின் ஒரு பாதி அவர்களுக்குக் கிடைத்தது அதற்காகத்தான். அதற்கு முன் 1992இல் ஒரு துடிவிண்மீனைச் சுற்றும் கோள்கள் அகப்பட்டிருந்தன. ஆனால் அது செத்த விண்மீனின் எச்சம். சூரியனல்லாத விண்மீனைச் சுற்றும் கோளைப் புறக்கோள் என்பார்கள். சூரியனைப் போன்ற ஒரு விண்மீனைச் சுற்றுவதாக உறுதியான முதற் புறக்கோள் இதுதான்.

விண்மீனின் பெயருக்குப் பின்னால் சிறிய ‘பி’ சேர்த்தால் அதைச் சுற்றும் முதலாவது கோள், ‘சி’ என்றால் அடுத்தது. ஆகவே இது 51 பெகாசி பி.

வெப்ப வியாழன் என்றால்

வியாழனின் திணிவுக்கு அண்மித்த வாயுக்கோள் ஒன்று தன் விண்மீனைப் பத்து நாளுக்குள் ஒரு முறை சுற்றிவந்தால் அது வெப்ப வியாழன். வியாழன் என்பது இங்கே அளவைக் குறிக்கும் சொல்: பூமியைப் போல 318 மடங்கு திணிவு, 11 மடங்கு விட்டம்.

தூரத்தை உணர, கல்லடிக் கடற்கரையில் ஒரு மாதிரி போட்டுப் பார்க்கலாம். 1,000 கிலோமீற்றருக்கு ஒரு மில்லிமீற்றர் என்று வைத்தால் சூரியன் 1.4 மீற்றர் விட்டமுள்ள பந்து. புதன் 58 மீற்றர் தள்ளி நிற்கும். சுண்டங்காயளவு பூமி 150 மீற்றரில். உரித்த தேங்காயளவு வியாழனைக் கொண்டுபோய் வைக்கக் கரையோரமாக 778 மீற்றர் நடக்க வேண்டும். இனி 51 பெகாசி பி: அந்தத் தேங்காயைப் பந்திலிருந்து எட்டு மீற்றருக்குள் வைக்க வேண்டும். நம் வியாழனுக்கு ஒரு சுற்று 12 ஆண்டு. இதற்கு 4 நாளும் ஐந்தரை மணித்தியாலமும்.

தூரம் இருபதில் ஒன்றானால் ஒளியின் செறிவு இருபதின் வர்க்கம், அதாவது 400 மடங்கு. நம் சித்திரை வெயிலை 400ஆல் பெருக்கிப் பாருங்கள். வெப்பநிலை 1,000 பாகை செல்சியசை ஒட்டிப் போவதற்கு வேறு காரணம் தேவையில்லை.

அரிதானது ஏன் முதலில் அகப்பட்டது?

சூரியன் போன்ற நூறு விண்மீனில் ஒன்றுக்கு வெப்ப வியாழன் இருந்தாலே பெரிது. இருந்தும் ஆரம்ப ஆண்டுகளில் அகப்பட்டவற்றில் பெரும்பகுதி இவையே. பெரிய கண் வலையை வாவியில் போட்டால் பெரிய மீன்தான் வரும். வாவியில் சிறு மீன் இல்லை என்று அதற்குப் பொருளாகாது. அப்போதைய வலைகள் இரண்டு.

1. அசைவு. கோள் விண்மீனைச் சுற்றும்போது விண்மீனும் சும்மா நிற்பதில்லை. இரண்டும் பொதுத் திணிவுமையத்தைச் சுற்றுகின்றன. விண்மீன் நம்மை நோக்கி வரும்போது அதன் நிறமாலைக் கோடுகள் நீலப் பக்கமும், விலகும்போது சிவப்புப் பக்கமும் சரியும். 51 பெகாசியின் அசைவு செக்கனுக்கு 56 மீற்றர் அளவில், அதாவது மணிக்கு ஏறத்தாழ 200 கிலோமீற்றர். ஒளியின் வேகத்தோடு ஒப்பிட்டால் ஒரு கோடியில் இரண்டு பங்கு. நம் வியாழன் சூரியனை அசைப்பது செக்கனுக்கு 12.5 மீற்றர், அதுவும் முழு அலையைக் காண 12 ஆண்டு காத்திருக்க வேண்டும். பூமி அசைப்பது செக்கனுக்கு 9 சென்றிமீற்றர். நாலே நாளில் ஒரு முழுச் சுற்று, அதுவும் பெரிய அசைவு என்றால் எது முதலில் மாட்டும்?

2. மறைப்பு. கோள் விண்மீனின் முகத்துக்கு முன்னால் கடந்துபோகும்போது ஒளி குறையும். வியாழனின் ஆரை சூரியனின் ஆரையில் பத்திலொன்று. மறைக்கும் பரப்பு அதன் வர்க்கம், 1 சதவீதம். பூமி மறைப்பது 0.008 சதவீதம். நமக்கு நேரே கடக்கும் வாய்ப்பும் தூரத்தைப் பொறுத்தது. 51 பெகாசி பியின் தூரத்தில் பதினொன்றுக்கு ஒன்று, நம் வியாழனின் தூரத்தில் ஆயிரத்து நூறுக்கு ஒன்று.

அசைவு மட்டும் தெரிந்தால் கிடைப்பது குறைந்தபட்சத் திணிவு. சுற்றுத்தளம் நமக்கு எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று தெரியாதவரை உண்மைத் திணிவு அதைவிடக் கூடுதலாக இருக்கலாம். மறைப்பு கோளின் ஆரையைத் தரும். இரண்டும் கிடைத்தால் அடர்த்தி வரும். 1999இல் எச்டி 209458 பி என்ற கோளில் இரண்டும் முதல் முறையாகச் சேர்ந்து கிடைத்தன. அதன் திணிவு வியாழனில் 0.7 பங்கு, ஆரை 1.35 மடங்கு. திணிவு குறைவு, உடம்பு பெரிது! அடர்த்தி நீரின் அடர்த்தியில் மூன்றிலொன்றுதான். வெப்ப வியாழன்கள் ஏன் இப்படி ஊதிப்போயிருக்கின்றன என்பதற்குப் பல விளக்கம் உண்டு. அயனாகிய காற்று கோளின் காந்தப் புலத்துக்குள் வீசும்போது எழும் மின்னோட்டம் உள்ளே வெப்பமாக மாறுகிறது என்பது அவற்றில் ஒன்று. ஆய்வாளர் இன்னும் ஒத்துப்போகவில்லை.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் வரலாறு பிழையாகிவிடும். 1952இலேயே ஒட்டோ ஸ்ட்ரூவ என்ற வானியலாளர், பெருங்கோள் ஒன்று விண்மீனுக்கு மிக அருகில் இருக்கலாம், அசைவாலும் மறைப்பாலும் அதைப் பிடிக்கலாம் என்று எழுதிவிட்டார். சூரியக் குடும்பத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது எடுபடவில்லை.

மூன்றாவது அளவு: நிறம்

தலைப்புச் செய்திகள் பிறப்பது இங்கேதான். கோள் கடக்கும்போது விண்மீனின் ஒளியில் சிறு பங்கு கோளின் வளிமண்டல விளிம்பை ஊடுருவி வருகிறது. ஒவ்வொரு அணுவும் மூலக்கூறும் தனக்குரிய அலைநீளத்தில் ஒளியை உறிஞ்சும். அந்த அலைநீளத்தில் மட்டும் கோள் சற்றே பெரிதாகத் தெரியும். இந்த வித்தியாசம் மொத்த ஒளியில் பத்தாயிரத்தில் சில பங்குதான். வளிமண்டலம் சூடாகவும் ஐதரசன் போன்ற இலேசான வாயுவாகவும் இருந்தால் அது அதிக உயரத்துக்குப் பரந்து நிற்கும், அடையாளமும் பெரிதாகும். வெப்ப வியாழன்களில் வேலை எடுபடுவதற்கு இதுவே காரணம்.

எச்டி 209458 பியில் சோடியம் அகப்பட்டதிலிருந்து இந்த முறை வளர்ந்தது. 2022இல் ஜேம்ஸ் வெப் தொலைக்காட்டி வாஸ்ப்-39பி என்ற, சனியளவு திணிவுள்ள கோளில் காபனீரொட்சைட்டைத் தெளிவாகக் கண்டது. புறக்கோள் ஒன்றில் அவ்வளவு தெளிவாக அது கிடைத்தது அதுவே முதல் தடவை. அதே கோளில் கந்தகவீரொட்சைட்டும் இருந்தது. விண்மீனின் ஊதாக் கடந்த ஒளி மூலக்கூறுகளை உடைத்து, உடைந்த துண்டுகள் வேறு விதமாகச் சேர்ந்தால்தான் அது அந்த அளவுக்கு வரும்.

இப்போது அந்தத் தலைப்புகளைத் திரும்பப் பார்க்கலாம்.

1. அழுகிய முட்டை. 2024இல் எச்டி 189733 பியில் ஐதரசன் சல்பைட்டு அகப்பட்டது. இது அளவு. மணம் என்பது எழுதியவரின் கைச்சரக்கு. 900 பாகைக்கு மேல் கொதிக்கும் வளியில் மூக்கு எதற்கு?

2. கண்ணாடி மழை. அதே கோளின் வளியில் நுண்துகள் மூட்டம் இருப்பது அளவு. துகள் சிலிக்கேற்றாக இருக்கலாம் என்பது வெப்பநிலையையும் வேதியியலையும் வைத்துப் பெற்றது. மழையாகக் கொட்டுகிறது என்பது அதற்கும் அடுத்த படி. 2013இல் ஹபிள் தொலைக்காட்டி அதன் நீல நிறத்தை உறுதிசெய்தது. அந்த நீலம் கடலினால் வந்ததல்ல. அந்தத் துகள்கள் ஒளியைச் சிதறுவதனால் வருகிறது என்று கருதுகிறார்கள்.

3. இரும்பு மழை. வாஸ்ப்-76பியின் பகற்பக்கம் 2,400 பாகைக்கு மேல். இரும்பு அங்கே ஆவி. 2020இல் வெளியான ஆய்வு, மாலை விளிம்பில் இரும்பாவி தெரிகிறது, காலை விளிம்பில் அந்த அடையாளம் இல்லை என்று காட்டியது. இதுவரை அளவு. இரவுப் பக்கத்தில் இரும்பு ஒடுங்கி விழுந்திருக்க வேண்டும் என்பது முடிபு. வேறு பொருளாலான மேகங்கள் காலை விளிம்பை மறைத்தாலும் இதே அடையாளம் வரும் என்று பின்வந்த கணிப்புகள் காட்டின.

பகற்பக்கம், இரவுப்பக்கம் என்று நிலையாகப் பிரித்துச் சொல்வதற்கும் காரணம் உண்டு. இவ்வளவு அருகில் விண்மீனின் இழுப்பு கோளின் சுழற்சியைப் பிடித்து நிறுத்திவிடும். சந்திரன் நமக்கு ஒரே முகத்தைக் காட்டுவதுபோல, கோள் விண்மீனுக்கு ஒரே முகத்தைக் காட்டும். ஒரு பக்கம் என்றும் பகல். ஆனால் மிகச் சூடான இடம் உச்சி வெயில் நேரே விழும் புள்ளியில் இல்லை. பல கோள்களில் கிழக்கே தள்ளியிருக்கிறது. 2007இல் எச்டி 189733 பிக்கு வரைந்த வெப்பப் படத்திலேயே இது தெரிந்தது. மட்டக்களப்பாருக்கு விளக்கம் எளிது: கச்சான் காற்று மேற்கே உள்நாட்டில் காய்ந்த வெக்கையை அள்ளிக்கொண்டு கிழக்கே கரைக்கு வருகிறதல்லவா, அங்கேயும் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் காற்று வெப்பத்தைத் தள்ளிக்கொண்டு போகிறது. வேகம்தான் வேறு. அங்கே செக்கனுக்குச் சில கிலோமீற்றர்.

எல்லை எதுவென்று கேட்டால் கெல்ற்-9பி. பகற்பக்கம் 4,300 பாகை. பல சிறு விண்மீன்களின் முகத்தைவிடச் சூடு. அங்கே பெரும்பாலான மூலக்கூறுகள் சிதைந்து அணுக்களாகிவிடும். 2018இல் அதன் வளியில் இரும்பும் தைத்தேனியமும் ஆவியாக அகப்பட்டன.

அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தன?

பெருங்கோள் உருவாக முதலில் பூமியைப் போல பத்து மடங்களவு திணிவில் ஒரு திண்மக் கரு வேண்டும். பிறகு அது சுற்றியுள்ள வாயுவை இழுத்துக்கொள்ளும். கருவுக்குப் பனிக்கட்டி நல்ல மூலப்பொருள், ஆனால் விண்மீனுக்கு அருகில் பனி நிலைக்காது. வாயுத் தட்டும் சில மில்லியன் ஆண்டில் கலைந்துவிடும். ஆகவே பெரும்பாலானவை தொலைவில் பிறந்து உள்ளே வந்திருக்க வேண்டும். வழி இரண்டு.

அமைதியான வழி: இளம் கோள், தான் பிறந்த வாயுத் தட்டோடு உந்தத்தைப் பரிமாறிச் சிறிது சிறிதாக உள்ளே நகர்வது. வன்முறையான வழி: இன்னொரு கோளோ துணை விண்மீனோ இழுத்துத் தள்ள, கோள் மிக நீள்வட்டப் பாதையில் விழுந்து, ஒவ்வொரு சுற்றிலும் விண்மீனை உரசுவதுபோலக் கடந்து, வற்றுப்பெருக்கு விசை அதன் சக்தியைக் கறக்கக் கறக்கப் பாதை சுருங்கி வட்டமாவது.

இரண்டாவது வழியில் இன்னும் பாதியிலேயே நிற்கும் கோளும் உண்டு. எச்டி 80606 பிக்கு ஒரு சுற்று 111 நாள், பாதையின் நீட்சியைக் காட்டும் மையவகற்சித்திறன் 0.93 (வட்டத்துக்கு அது 0). தூரப் போய், திரும்பி, விண்மீனிடமிருந்து பூமித் தூரத்தின் 3 சதவீதம் வரை பாய்கிறது. 2009இல் அறிவிக்கப்பட்ட வாஸ்ப்-17பி தன் விண்மீன் சுழலும் திசைக்கு எதிராகச் சுற்றுகிறது. மோதல் தள்ளல் இல்லாமல் இப்படித் திரும்புவது கடினம். மறுபக்கம் வாஸ்ப்-47பிக்கு இரு பக்கமும் சிறு கோள்கள் இருப்பது 2015இல் தெரிந்தது. பெருங்கோள் நீள்வட்டத்தில் பாய்ந்து வந்திருந்தால் அந்தச் சிறு கோள்கள் தப்பியிருக்காது. ஆக ஒரே கதையை எல்லாவற்றுக்கும் பொருத்த முடியாது.

விழுவதும் ஆவியாவதும்: கணக்குப் போட்டால்

சந்திரன் ஆண்டுக்கு 3.8 சென்றிமீற்றர் நம்மைவிட்டு விலகுகிறது. பூமி, சந்திரன் சுற்றுவதைவிட வேகமாகச் சுழல்வதால், கடலில் எழும் புடைப்பு சந்திரனுக்கு முன்னால் ஓடி அதை முன்னுக்கு இழுக்கிறது. வெப்ப வியாழனில் நிலைமை தலைகீழ். கோள் சில நாளிலேயே ஒரு முறை சுற்றிவிடும். விண்மீன் தன்னைத்தானே சுற்ற அதைவிடக் கூடுதல் நாள் எடுக்கும். புடைப்பு பின்தங்கி, கோளைப் பின்னுக்கு இழுக்கும். கோள் கோண உந்தத்தை இழந்து உள்ளே இறங்கும்.

வாஸ்ப்-12பியில் இது அளக்கப்பட்டிருக்கிறது. அதன் ஒரு சுற்று 1.09 நாள், அதாவது 94,000 செக்கனுக்குச் சற்று மேல். அது ஆண்டுக்கு 29 மில்லிசெக்கன் குறைகிறது. இவ்வளவு சிறியதை எப்படிப் பிடித்தார்கள்? வித்தியாசம் சேர்ந்துகொண்டே போகும். பத்தாண்டில் ஏறக்குறைய 3,300 சுற்று. முன்பிருந்த சுற்றுக்காலம் மாறாமல் நின்றிருந்தால் வரவேண்டிய நேரத்தைவிடக் கோள் 8 நிமிடம் முந்தி வந்துவிடும். 8 நிமிடம் எவருக்கும் தெரியும். 94,000 செக்கனை 0.029ஆல் வகுத்தால் 32 இலட்சம் ஆண்டு. இத்தனை ஆண்டில் கோள் விண்மீனுக்குள் விழும் என்று செய்தியில் வரும் எண் இந்த வகுத்தலின் விடை. கிட்டப் போகப் போக இறக்கம் விரைவுபடும் என்பதால் அதை நாட்குறித்த மரணமாக வாசிக்கக்கூடாது. அந்த அளவுக் காலம் என்று மட்டும் கொள்ளலாம்.

ஆவியாதலிலும் அதே எச்சரிக்கை. எச்டி 209458 பியைச் சுற்றி ஐதரசன் தப்பியோடுவது 2003இல் தெரிந்தது. செக்கனுக்குக் குறைந்தது 10,000 தொன் என்று மதிப்பிட்டார்கள். பயங்கரமான எண்தான். ஆனால் இதே வீதத்தில் 500 கோடி ஆண்டு போனாலும் அது இழப்பது தன் திணிவில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே. பெருங்கோளுக்கு அது வியர்வை. நெப்தியூன் அளவிலுள்ள கோள் இவ்வளவு அருகில் இருந்தால்தான் ஆபத்து.

இலங்கைக்கும் ஒரு புறக்கோள் உண்டு என்பதால் ஒரு சிறு குறிப்பு. 2019இல் சர்வதேச வானியல் ஒன்றியம் நடத்திய பெயரிடலில் எச்டி 205739 என்ற விண்மீனுக்குச் சாமய என்றும் அதன் கோளுக்குச் சமகிய என்றும் பெயர் வந்தது. அது வெப்ப வியாழன் அல்ல. ஒரு சுற்றுக்கு 280 நாள் எடுக்கிறது. இந்தியாவுக்குக் கிடைத்த சந்தமச என்ற கோள்தான் 2.14 நாளில் சுற்றும் அசல் வெப்ப வியாழன்.

மட்டக்களப்பிலிருந்து ஒரு மறைப்பை அளக்க

51 பெகாசி பி நம் பார்வைக்கு விண்மீனின் முன்னால் கடப்பதில்லை. அதற்குப் பக்கத்து வானத்திலேயே எச்டி 209458 இருக்கிறது: பருமன் 7.65, மறைப்பு ஏறத்தாழ 1.6 சதவீதம், நீடிப்பது 3 மணித்தியாலம். புரட்டாதியில் அது நம் தலைக்கு மேலாகவே கடக்கிறது. இதற்குப் பெரிய தொலைக்காட்டி கட்டாயமில்லை. வில்லை மாற்றக்கூடிய கமராவும், 200 மில்லிமீற்றர் வில்லையும், வானத்தோடு சேர்ந்து திரும்பும் தாங்கியும் போதும்.

1. சுற்றுக்காலம் 3.52 நாள். எல்லா மறைப்பும் நம் இரவில் விழாது. முன்கணிப்பு அட்டவணைகள் பொதுவாக உலகப் பொது நேரத்தில் இருக்கும். ஐந்தரை மணித்தியாலம் கூட்டுங்கள். திகதி மாறிவிடும் இடத்தில் பலர் தவறுவார்கள்.

2. மறைப்புக்கு ஒரு மணித்தியாலம் முன் தொடங்கி, முடிந்து ஒரு மணித்தியாலம் வரை எடுக்க வேண்டும். முன்பின் மட்டம் தெரியாமல் பள்ளத்தை அளக்க முடியாது.

3. குவியத்தைச் சற்றே குலையுங்கள். ஒளி பல படமூலங்களில் (பிக்சல்களில்) பரவினால் ஒன்றில் இருக்கும் குறை பாதிக்காது, நிரம்பி வழியவும் செய்யாது. சுருக்கப்படாத மூலக் கோப்பாகப் பதியுங்கள், ஜேபெக் வேண்டாம். கணக்குக்குப் பச்சை நிறத் தரவை மட்டும் எடுப்பது நல்லது.

4. அதே சட்டத்துக்குள் ஏறத்தாழ அதே பிரகாசமும் நிறமும் கொண்ட இரண்டு மூன்று விண்மீன்களை ஒப்பீட்டுக்கு எடுங்கள். மெல்லிய முகில் வந்தால் எல்லாம் ஒன்றாக மங்கும். கோள் வந்தால் ஒன்று மட்டும் மங்கும்.

5. தனிப் படத்தில் 1 முதல் 2 சதவீதம் வரை தளம்பல் இருக்கும். மறைப்பு அதற்குள் அமிழ்ந்துவிடும். 100 படத்தின் சராசரி எடுத்தால் தளம்பல் பத்திலொன்றாகும்; அப்போதுதான் பள்ளம் தெரியும்.

இங்கே அதிகம் கெடுப்பது பனிநீர். வாவிக் காற்றும் கடற்காற்றும் சேர்ந்தால் நள்ளிரவுக்குள் வில்லையில் ஈரம் படிந்து, ஒளி மெல்ல மெல்லக் குறையும். வரைபில் அது மறைப்புப் போலவே தோன்றும். சிறு வெப்பப் பட்டி கட்டினால் தப்பலாம். கரையில் உப்புப் படலமும் சேரும், ஆகவே சில கிலோமீற்றர் உள்ளே போவது நல்லது. அம்பாறைப் பக்கத்து வயல்வெளிகளில் வானம் அருமை; ஆனால் யானை இறங்கும் இடத்தில் ஐந்து மணித்தியாலம் இருட்டில் தனியே குந்தியிருப்பது எந்தக் கோளுக்கும் தகாது. ஐப்பசி பிறந்து மழை தொடங்கிவிட்டால் அடுத்த ஆண்டுதான்.

இப்படி எடுத்த நேரங்களுக்கு உண்மையான தேவையும் இருக்கிறது. ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் உருவாக்கிவரும் ஏரியல் விண்தொலைக்காட்டி ஆயிரமளவு கோள்களின் வளியைப் பார்க்கப் போகிறது. 4 நாள் சுற்றும் கோளின் சுற்றுக்காலத்தில் ஒரு செக்கன் பிழை இருந்தால் பத்தாண்டில் அது 15 நிமிடப் பிழையாகும். அவ்வளவு நேரம் விண்தொலைக்காட்டி சும்மா காத்திருக்க நேரும். அதனால் ஆர்வலர் அளக்கும் நேரங்களையும் சேர்த்துக்கொள்ளும் திட்டங்கள் நடக்கின்றன. நேரத்தைக் கமராவின் உள்மணிக்கூட்டில் நம்பிவிடாதீர்கள். தொடங்கும் முன்னும் முடிந்த பின்னும், இணையத்தோடு ஒத்திசைந்த கைத்தொலைபேசியின் செக்கன் ஓடும் திரையை ஒரு படம் எடுத்துவையுங்கள்.